இட்டேரிக்குக் கிழக்கு

அன்புள்ள அக்கா,

வணக்கம். மதுக்கரை தாண்டி பாலக்காட்டு ரோட்டில் ---- நகரில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை. குறிச்சி சிட்கோவில் வேலை. 2009-ல் இங்கே ரெண்டே முக்கால் சென்ட்டில் ஒரு பழைய வீட்டை வாங்கி வந்தோம்.

தை மாதம் எங்கள் நகர் விநாயகர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அதற்குச் சிறப்பு மலர் போடுகிறோம். 'நம் ஊர் அன்றும் இன்றும்' என்று எட்டுப் பக்கக் கட்டுரையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் வாசிக்கிறவன், எழுதுகிறவன் இல்லை. உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

ராஜகேசரிப் பெருவழி நம் பக்கமாகத்தான் போயிருக்கிறது, ரோமானியர்கள் நடந்த வழி. அதிலிருந்து ஆரம்பிக்கலாமா? ஊரை உண்டாக்கியவர் யார், ஊருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஏதாவது நூல் உண்டா? வெளியூரிலிருந்து வந்த நான் இதை எழுதுவது சரியா என்ற கூச்சமும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. எங்கள் மூன்றாவது குறுக்குத் தெரு நடுவில் காரணமே இல்லாமல் முடங்கித் திரும்புகிறது. கார் திருப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்த முடக்கிலிருந்து பின்பக்கம் ஒரு சந்து போகிறது, ராத்திரியில் குடிகாரர்கள் தொல்லை. கேட் போட அசோசியேஷனில் பேச்சு நடக்கிறது. 'லே-அவுட் போட்டவருக்கு அளவுகோல் பிடிக்கத் தெரியவில்லை' என்று கட்டுரையில் கிண்டலாக ஒரு வரி சேர்க்கலாம் என்று இருக்கிறேன். சிரிப்பார்கள் அல்லவா?

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

நகரின் பெயரை நான்தான் எடுத்துவிட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும். பொதுவாக மலர்க் கட்டுரைக்கு யோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு இரண்டு வரியில் வாழ்த்துச் சொல்லி முடித்துவிடுவேன். உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் தள்ளிவைத்தேன். ராத்திரி படுத்த பிறகு அந்த மூன்றாவது குறுக்குத் தெரு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாதமாக அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு இருக்கிறேன், நேரமும் அப்படி.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். ஊரை உண்டாக்கியவர் என்று ஒருவர் கிடையாது. யாராவது ஒரு குடும்பம் தாங்கள்தான் என்று சொல்லும், அவர்கள் நன்கொடையும் பெரிதாகக் கொடுத்திருப்பார்கள், போட்டுக்கொள்ளுங்கள். பெயர்க்காரணம் எழுதாதீர்கள். மதுக்கரைக்குத் தேன் வழிந்த கரை என்றும், இன்னும் நான்கு விதமாகவும் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லைப் பிளந்தால் ஊர் கிடைத்துவிடும் என்பது தமிழ்நாட்டில் ஒரு வியாதி. வெளியூர்க்காரன் எழுதலாமா என்ற கூச்சத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். வாளையாறு மாநில எல்லையானதே 1956 நவம்பர் 1-ல்தான். அதற்கு முன்னால் அது மெட்ராஸ் மாகாணத்துக்குள் கோயமுத்தூர் ஜில்லாவுக்கும் மலபார் ஜில்லாவுக்கும் நடுவே இருந்த கோடு, அவ்வளவுதான். உங்கள் தாத்தாவும் என் அப்பிச்சியும் ஒரே மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பார்கள். இந்தப் பக்கம் பாதி வீட்டில் பெண் எடுத்தது அந்தப் பக்கம். அப்புறம் எங்கே வந்தது வெளியூர்?

இப்போது பெருவழி. திட்டுவதற்கு இங்கேதான் ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துப் பாறையில் ராஜகேசரிப் பெருவழி என்று வட்டெழுத்திலும் தமிழிலும் வெட்டியிருப்பது உண்மை. ஆதித்த சோழன் காலத்தது என்கிறார்கள். வெள்ளலூரில் ரோமானியக் காசு குவியலாகக் கிடைத்ததும் உண்மை. பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறவரை இந்த வழியாக யாராவது நடந்துகொண்டுதான் இருப்பார்கள், மலை அப்படி இடைவெளி விட்டிருக்கிறது. ஆனால் என் அலமாரியில் இந்தப் பக்கத்து மலர்கள் பதினேழு இருக்கின்றன, பதினேழிலும் முதல் பக்கத்தில் ரோமானியன் நடக்கிறான். இரண்டாம் பக்கத்தில் சோழன். மூன்றாம் பக்கத்தில் ஒரே தாவாகத் தாவி டி.டி.சி.பி. என்னும் நகரமைப்புத் துறை அப்ரூவல், தார்ச்சாலை, எல்.இ.டி. விளக்கு, தலைவர் படம். நடுவில் இருந்த ஆயிரத்து நூறு வருஷத்தில் இங்கே யாருமே சோறு பொங்கவில்லையா? உங்கள் வீடு நிற்கிற ரெண்டே முக்கால் சென்ட்டில் போன தலைமுறை என்ன விதைத்தது என்று கேட்டால் உங்கள் அசோசியேஷனில் ஒருவருக்கும் தெரியாது. ரோமானியன் என்ன வாங்கினான் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். மிளகு.

சரி. நூல் கேட்டீர்கள். நூல் உங்கள் பீரோவில் இருக்கிறது. உங்கள் வீட்டின் மூலப்பத்திரம்.

என் அப்பா பத்திர எழுத்தர். 1956-ல் இந்தத் தொழிலுக்கு வந்தார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு சாய்வு மேஜை, ஒரு பெஞ்ச், ரேகை எடுக்க ஒரு மைப்பெட்டி, இவ்வளவுதான் ஆபீஸ். வீட்டில் சாமி கும்பிடும்போது தேவாரம் சொல்லமாட்டார். ஆனால் 'நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம், ஆகாமி, சித்தம், சாத்தியம்' என்று கிரயப் பத்திரத்தில் வரும் அஷ்டபோகத்தை முணுமுணுத்துக்கொண்டே குளிப்பார். புதையல், தண்ணீர், மரம், கல், இனிமேல் வரப்போவது என்று ஒரு துண்டு பூமியில் மனுஷனுக்கு என்னவெல்லாம் பாத்தியப்படும் என்பதை எட்டுச் சொல்லில் அடக்கியவனை அவர் கவிஞன் என்றே நினைத்தார். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சூரிய சந்திராள் உள்ளவரை ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்ற இடம் வரும்போது அவர் பேனா கொஞ்சம் மெதுவாகப் போகும். அந்த பூமி ஆறே மாதத்தில் கைமாறும் என்பது அவருக்கும் தெரியும்.

ஆனால் அவர் உயிரை விட்டது செக்குபந்தியில். நான்கு எல்லை. இளைஞர்களுக்கு இது தெரியாது, சொல்கிறேன். பழைய பத்திரத்தில் பூமியின் அடையாளம் சர்வே நம்பரில் முடியாது, அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று எழுதியாக வேண்டும். 1961-ல் அவர் எழுதிய ஒன்றின் நகல் இப்போது என் முன்னால் இருக்கிறது. ஆள் பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்: 'பெரிய தோட்டத்துச் சாளைக்கும் போகிற வண்டித்தடத்துக்கும் மேற்கு, வண்ணாந்துறைப் பள்ளத்துக்கும் தெற்கு, இட்டேரிக்கும் கிழக்கு, இன்னார் மேக்காட்டுக்கும் வடக்கு, இதன் மத்தியில் புஞ்சை ஏக்கர் 4-12 செண்டும், இதிலுள்ள கிணற்றில் பாதியும், கவலை ஓட்டும் முறையில் வாரம் மூன்று நாளும், மாமூல் தடத்தில் ஆள், கால்நடை, வண்டி வாகனம் போகவர உள்ள பாத்தியமும் சகிதம்.'

இதைப் படம் வரைந்து பாருங்கள், ஊர் வந்துவிடும். பள்ளம் இருந்தது, அதில் வெளுக்கத் தண்ணீர் இருந்தது, வெளுக்க ஒரு குடும்பம் இருந்தது. ஒரு கிணற்றை இரண்டு பேர் பங்கு போட்டு வாரத்தைக் கூறுபோட்டுக்கொண்டார்கள். 1961-லும் அந்தக் கிணற்றில் கவலைதான், அதாவது மாடு கட்டி நீர் இறைக்கும் ஏற்றம், மாடு பின்னுக்கு நடந்து சால் இறங்க, முன்னுக்கு நடந்து தண்ணீர் ஏறியிருக்கிறது. பைக்காரா மின்சாரம் 1932-லேயே வந்து கோயமுத்தூரில் மில் மேல் மில்லாக முளைத்துக்கொண்டிருந்தபோது, ஐந்து மைல் தள்ளி எங்கள் காட்டுக்குக் கம்பி வர இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று என்பதை எந்தப் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிப்பீர்கள்? ஏழு வருஷம் கழித்து அதே பூமி கைமாறுகிறது. 'கவலை' என்ற சொல்லே இல்லை. 'மின்சார மோட்டார் பம்ப்செட் 5 ஹெச்.பி. ஒன்றில் பாதி' என்று இருக்கிறது. அதற்கடுத்த பத்திரத்தில் கிணற்றோடு சேர்ந்து 'பக்கத்திலுள்ள போர்' வருகிறது. அதற்கும் அடுத்ததில் கிணறே இல்லை. தண்ணீர் எப்படிப் போயிற்று என்று தனியாக ஆராய்ச்சி வேண்டாம் தம்பி, நான்கு பத்திரத்தை வரிசையாக வைத்தால் போதும்.

இட்டேரி என்றேன். கொங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கும் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காக. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஆள் உயரத்துக்குப் பள்ளமாகப் போகும் தடம். மாடு போகும், வண்டி போகும், மழை பெய்தால் தண்ணீர் போகும். பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்திருக்கும். கீரிப்பிள்ளைக்கும் காடைக்கும் அதுதான் வீடு. என் சிறு வயதில் பகலிலேயே அதற்குள் வெயில் விழாது. இட்டேரியில் பாதி வருவாய்க் கணக்கில் புறம்போக்கு, அது புலப்படத்தில், அதாவது சர்வே வரைபடத்தில், கோடாக இருக்கும், யார் அழித்தாலும் கோடு நிற்கும். மீதிப் பாதி பட்டா பூமிக்குள் ஓடுவது. இரண்டு பக்கத்துக்காரரும் அவரவர் எல்லையில் நாலு முழம் விட்டு, மாமூலாக ஊர் நடந்தது. அதற்கு வரைபடத்தில் கோடு கிடையாது. அது உயிரோடு இருந்த ஒரே இடம் பத்திரத்தின் செக்குபந்தி. 'இட்டேரிக்கும் கிழக்கு' என்று எழுதுகிறவரை இட்டேரி உண்டு. எழுதாவிட்டால் இல்லை.

இதை அழுத்திச் சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். புறநகர் வளர்ந்த கதையை எழுதுகிறவர்கள் எல்லோரும் என்ன வந்தது என்றே எழுதுகிறார்கள். 1862-ல் மெட்ராஸ் ரயில் போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போனது, கோயமுத்தூரை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை, போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டு 1873-ல்தான் கோவைக்கு ரயில் வந்தது, ஆக ஒரு காலத்தில் போத்தனூர்தான் ஜங்ஷன், கோவை கிளை லைன். நல்ல செய்தி, எழுதுங்கள், இன்றைய பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1930களில் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்தது. சிட்கோ வந்தது, நீலாம்பூரிலிருந்து மதுக்கரைக்கு பைபாஸ் வந்தது, எட்டிமடைப் பக்கம் கல்லூரி வந்தது, 2011-ல் குனியமுத்தூரும் குறிச்சியும் மாநகராட்சிக்குள் போயின, 2021-ல் மதுக்கரை நகராட்சி ஆனது. எல்லாம் சரி. ஆனால் ஊர் டவுனாக மாறியது இதில் எந்த நாளிலும் இல்லை. அது மாறியது ஒரு பத்திர வரியில். 'இட்டேரிக்கும் கிழக்கு, பள்ளத்துக்கும் தெற்கு' என்று இருந்தது, 'சைட் நம்பர் 13-க்கும் கிழக்கு, 23 அடி ரோட்டுக்கும் தெற்கு, சைட் நம்பர் 15-க்கும் மேற்கு' என்று ஆன அன்றைக்கு. பூமிக்குப் பக்கத்தில் பூமி இல்லாமல் நம்பருக்குப் பக்கத்தில் நம்பர் வந்த அன்றைக்கு. உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். அதை எழுதியவர் என் அப்பாவாக இருந்தால் கையெழுத்து வலது பக்கம் சாய்ந்திருக்கும், என்னுடையதாக இருந்தால் நேராக.

ஆமாம், என்னுடையதாக இருந்தால். அங்கேதான் வருகிறேன்.

1987. எனக்குப் பத்தொன்பது. அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்து எழுத்து கலங்கியது, ஆபரேஷனுக்குப் பயம். பிளஸ் டூ முடித்து வீட்டில் இருந்த என்னை மேஜையில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். பெண் பிள்ளை புளியமரத்தடியில் உட்காருவதா என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள், அதைப் பிறகு ஒரு நாள் எழுதுகிறேன். அப்போதுதான் காடுகள் சைட்டாகப் புறப்பட்ட காலம். முறை இதுதான்: தோட்டக்காரரிடம் புரோக்கர் அக்ரிமெண்ட் போடுவார், கொஞ்சம் அட்வான்ஸ், கூடவே ஒரு பவர் பத்திரம். அப்புறம் கல் நட்டு, கயிறு கட்டி, பஞ்சாயத்துத் தலைவர் சீல் வைத்த ஒரு ப்ளூ பிரிண்ட். எழுதிக் கொடுப்பவர் என்று தோட்டக்காரர் பெயர் வரும், ஆள் வரமாட்டார், அவருக்காகப் பவர் ஏஜெண்ட் கையெழுத்துப் போடுவார். நூறு சைட் என்றால் நூறு பத்திரம், எல்லாம் ஒரே வாசகம், நம்பரை மாற்றினால் போதும். எங்களுக்கு அது பொற்காலம். நான் பி.ஏ. படித்தது, என் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது, இப்போது நான் உட்கார்ந்து எழுதும் இந்த வீடு, எல்லாம் அந்த நம்பர்களில் வந்தது. அந்தப் பணத்தில் தின்றுவிட்டு இப்போது செக்குபந்திக்கு ஒப்பாரி வைக்கிறாளே என்று ஒருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார், சரிதான்.

ஒரு தோட்டம். பதினோரு ஏக்கர் சொச்சம். மேல்புறம் இட்டேரி, நான் சொன்ன இரண்டாம் ரகம், பட்டாவுக்குள் ஓடுவது. அந்த இட்டேரியின் ஒரு முனையில் காலனி இருந்தது, இன்னொரு முனையில் அவர்களுடைய சுடுகாடு. காலனிக்காரர்கள் ஊருக்குள் வர வேறு வழி உண்டு, கடைக்குப் போகிற வழி, ஸ்கூலுக்குப் போகிற வழி. ஆனால் பிணம் அந்த வழியாகப் போக ஊர் விடாது. ஆகவே இட்டேரி. அவர்கள் பெயரில் அங்கே ஒரு சென்ட் பூமி கிடையாது, எந்தப் பத்திரத்திலும் அவர்கள் எழுதிக் கொடுப்பவரும் இல்லை, எழுதி வாங்குபவரும் இல்லை. அவர்கள் இருந்ததற்கு எழுத்தில் அடையாளம் 'இட்டேரிக்கும் கிழக்கு' என்ற இரண்டு சொல்தான்.

இடையில் ஒன்று, கொழிஞ்சாம்பாறைக்காரரான உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். உங்கள் பக்கத்தில் 1970 ஜனவரி 1-ல் குத்தகைக்கு உழுத பாட்டக்குடியான் பூமிக்கு உடையவன் ஆனான், அடுத்தவர் பூமியில் குடிசை போட்டிருந்த கூலிக்காரக் குடிகிடப்புக்காரனுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை கிடைக்க வழி வந்தது. சட்டத்தில் ஓட்டை இருந்தது, எல்லோருக்கும் கிடைக்கவில்லை, தெரியும். ஆனாலும் அங்கே குடிசைக்கு ஒரு எல்லை எழுதப்பட்டது, நான்கு பக்கமும். இங்கே நிலச்சீர்திருத்தம் பெரிய தோட்டங்களைப் பத்திரத்தில் அண்ணன் தம்பி மச்சான் பெயருக்குப் பிரித்ததோடு நின்றது. அதில் சிலவற்றை என் அப்பாவே எழுதினார். வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் நீங்கள் காண்கிற வீட்டோடு ஒட்டிய துண்டு பூமியும், இந்தப் பக்கம் முழுத் தோட்டமாகக் கைமாறிச் சைட்டான காடும் ஒரே கணவாய், ஒரே காற்று, ஒரே தமிழ். ஏன் இரண்டு ஊர் இரண்டு விதமாக வளர்ந்தது என்பதற்கு என் கணக்கு இது. மறுப்பவர்கள் மறுக்கட்டும்.

அந்தத் தோட்டத்துக்கு வருகிறேன். மூலப்பத்திரத்தைப் பார்த்துத்தான் புதுப் பத்திரத்துக்குச் செக்குபந்தி எழுதுவது வழக்கம். அப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு பழைய பத்திரத்தை வாசித்தார். "மேற்கே, இட்டேரிக்கும் கிழக்கு" என்றார். புரோக்கர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "அது எதுக்குங்க, சர்வே நம்பரைப் போட்டுக்குங்க" என்றார். "இட்டேரி இருக்குதே" என்றார் அப்பா. "புலப்படத்துல இல்லீங்களே. அரசாங்கத்துக்கே தெரியாததை நாம எதுக்குங்க எழுதோணும்? வாங்கற பார்ட்டி வழி கேட்டுப் பயப்படறான்." குரல் உயரவே இல்லை, நல்ல மனுஷர், தீபாவளிக்கு எங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்புகிறவர்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பேனா என் கையில் இருந்தது. ரோட்டில் கேரள லாரி ஒன்று போனது, அது போய் முடியும்வரை காத்திருந்தார், அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "எழுது கண்ணு. மேற்படி சர்வே நம்பர் பூமிக்கும் கிழக்கு" என்றார்.

எழுதினேன். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, பொய் சொல்லமாட்டேன். சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று இருந்தது. அன்றைக்கு அந்த ஒரு பத்திரம், அதை வைத்து அடுத்த ஐந்து மாதத்தில் எண்பத்து நான்கு. எண்பத்து நான்கிலும் இட்டேரி இல்லை.

புல்டோசர் வந்து ஒரே நாளில் கிளுவை வேலியைத் தூக்கிப் பள்ளத்தை நிரப்பிவிட்டது. யாரும் சண்டை போடவில்லை. மூன்று மாதம் கழித்துக் காலனியில் ஒரு கிழவி செத்துப்போனாள். தூக்கி வந்தார்கள், வந்த வழியில் சைட் கல்லும் கம்பியும் இருந்தன. அவர்கள் அங்கேயே பாடையை இறக்கி வைத்து உட்கார்ந்துகொண்டார்கள். கூட்டம் சேர்ந்தது, தாசில்தார் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார், பத்திரம் கேட்டார்கள். புரோக்கர் பத்திரத்தைக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. நேரான கையெழுத்து. யாரோ சொல்லி அப்பாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள், அப்பாவுக்குக் கண் தெரியாததால் கை பிடித்துக் கூட்டிப்போனவள் நான். காலனிப் பெரியவர் ஒருவர் அப்பாவைப் பார்த்து, "ஏனுங்க சாமி, நீங்க எழுதினதுல எங்க தடம் இல்லையாமுங்க. நாங்க பொணத்தை எந்த வழியாத் தூக்கறதுங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் அப்பா ஏதாவது பதில் சொல்லியிருப்பார். அந்த மனுஷர் உண்மையிலேயே வழி கேட்டார்.

அப்பா அன்றைக்குத் தன் நகல் நோட்டை எடுத்து வரச் சொன்னார். 1961 பத்திரத்தின் நகலை எல்லோர் முன்னாலும் என்னை வாசிக்கவைத்தார். 'இட்டேரிக்கும் கிழக்கு.' தன் தொழிலுக்கே எமனாகும் காரியம் அது, கட்சிக்காரர் பத்திரத்தை எதிராளிக்கு வாசித்துக் காட்டுவது. ராத்திரி வரை பேச்சு நடந்தது. முழு இட்டேரியும் கிடைக்கவில்லை, பாதி சைட் ஏற்கெனவே விற்றாகிவிட்டது. கடைசியில் புரோக்கர் இரண்டு சைட்டில் கொஞ்சம் விட்டு, ஒரு தெருவை நடுவில் முடக்கித் திருப்பி, அங்கிருந்து பின்பக்கம் எட்டடிச் சந்து ஒன்று விட்டுக் கொடுத்தார். பாடை தூக்குகிறவர்கள் நான்கு பேர் திரும்புவதற்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று காலனிக்காரர்கள் வெறும் பாடையை வைத்துத் திருப்பிக் காட்டினார்கள். அந்த அளவுக்குக் கல் நட்டார்கள்.

உங்கள் மூன்றாவது குறுக்குத் தெரு அதுதான் தம்பி. அளவுகோல் பிடிக்கத் தெரியாதவன் போட்ட தெரு இல்லை அது. உங்கள் நகரிலேயே மனுஷ உடம்பை வைத்து அளந்து போட்ட இடம் அது ஒன்றுதான்.

அப்பாவுக்கு அதற்குப் பிறகு லே-அவுட்காரர்கள் வேலை கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் அந்த எண்பத்து நான்கு பத்திரத்துக்குக் கூலி வாங்கினோம் அல்லவா, அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

குடிகாரர்கள் தொல்லை என்கிறீர்கள், நம்புகிறேன். விளக்குப் போடுங்கள். ரிசர்வ் சைட்டில், அதாவது பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தில் உங்களால் விநாயகருக்குக் கோயில் கட்ட முடிந்திருக்கிறது, எட்டடிச் சந்துக்கு ஒரு டியூப் லைட் போட முடியாதா? அந்தச் சந்து இன்றைக்கும் எந்தப் பத்திரத்திலும் ஒழுங்காக ஏறவில்லை. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தலாம் என்று அரசாங்கம் வழி திறந்தபோது உங்கள் நகர்க்காரர்கள் எல்லோரும் ஓடிப்போய்க் கட்டணம் கட்டி அவரவர் சைட்டைச் சரிசெய்துகொண்டார்கள். அப்போதாவது லே-அவுட் படத்தில் சந்தைக் காட்டி, ரோடுகளோடு சேர்த்துப் பஞ்சாயத்துக்குத் தானப்பத்திரம் எழுதியிருந்தால் முடிந்துபோயிருக்கும். செய்யவில்லை. ஆகவே நீங்கள் கேட் போட்டு ஒரு பூட்டும் போட்டால் சட்டப்படி உங்களைக் கேட்க ஆள் இருக்காது என்றுகூடச் சிலர் நினைக்கலாம். அதற்காகத்தான் பெயரை எடுத்தேன், இதைப் படித்துவிட்டு யாராவது முந்திக்கொள்ளக் கூடாது.

பாதைக்குத் தன் பெயர் வெட்டிவைத்த ராஜாவை மலரின் முதல் பக்கத்தில் போட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் 'சந்துக்குக் கேட் போட்டோம்' என்று சாதனைப் பட்டியல் போடுவீர்களா? போட்டால் அந்த மலரை எனக்கு அனுப்பாதீர்கள், பதினேழே போதும்.

உங்களைத் திட்ட வேண்டும் என்று உட்காரவில்லை. ஊருக்கு வந்த பதினைந்து வருஷத்தில் தெரு ஏன் கோணலாக இருக்கிறது என்று எழுதிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். ஆரம்பத்திலிருந்தே அங்கே இருப்பவர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஆகவே நீங்கள்தான் எழுத வேண்டும்.

எட்டுப் பக்கத்தில் ரோமானியனுக்கு அரைப் பக்கம் கொடுங்கள், பாவம், தூரத்திலிருந்து வந்தவன். மீதிக்கு உங்கள் தெருவில் பத்து வீட்டில் மூலப்பத்திர நகல் கேட்டு வாங்குங்கள். நகல்தான், அசலைத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. வட்டாட்சியர் அலுவலகத்தில், எந்த சர்வே நம்பர் யாருடையது என்று சொல்லும் ஏ-பதிவேட்டையும் புலப்பட நகலையும் மனுப் போட்டு வாங்குங்கள். பழைய வில்லங்கச் சான்றுக்குக் கம்ப்யூட்டரில் கிடைப்பதோடு நிறுத்தாமல், அதற்கு முந்தைய வருஷங்களுக்குக் கையால் தேடித் தரச் சொல்லி மனுப் போடுங்கள், அலைக்கழிப்பார்கள், போய்க்கொண்டே இருங்கள். அப்புறம் காலனிக்குப் போங்கள். அன்றைக்கு வெறும் பாடையைத் திருப்பிக் காட்டிய நான்கு பேரில் ஒருவர் இன்னும் இருக்கிறார், சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் டீக்கடைத் திண்ணையில் இருப்பார். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கேட்க வேண்டும். நான் அனுப்பியதாகச் சொல்லாதீர்கள், என் அப்பா பெயரைச் சொல்லுங்கள், அதற்கு அவர் திட்டினாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நகல் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. வந்து பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சனி மத்தியானம் வாருங்கள். உங்கள் பத்திரத்தையும் எடுத்துவாருங்கள், கையெழுத்து யாருடையது என்று பார்க்க வேண்டும். லேமினேஷன் போட்டுவைத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா